சொல்லாமல் கொடுத்த மஹர்

மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரவேண்டிய மஹர் பாக்கி சரியாக நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு ரூபாய். அந்த அறுநூறு எதற்கென்று நிக்காஹ் அன்று, அதை நடத்திவைத்த ஹஜ்ரத்தே கேட்டார். "முழுத்தொகையா சொன்னா ஆம்பளைங்க மறந்துடுவாங்க. வாலு ஒண்ணு இருந்தாத்தான் ஞாபகம் இருக்கும்" என்று மணப்பெண் சொல்லியனுப்ப, சபையே சிரித்தது. மாப்பிள்ளை நெட்டையன் மட்டும் சிரிக்கவில்லை. கிடங்கில் பெட்டி தூக்குகிறவன். அன்றைக்கு அவன் கையில் வால் மட்டும்தான் இருந்தது. ஒரே வருஷத்தில் தீர்த்துவிடுவதாக எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தான்.

மாதம் நாலாயிரத்து ஐம்பது, பன்னிரண்டு மாதம். பஸ்ஸை விட்டு நடந்தே வேலைக்குப் போனான். வார விடுமுறையிலும் பெட்டி தூக்கினான். ஆனால் கையில் கொடுத்தால் என்ன சுவாரசியம்? கடைசித் தவணையன்று போட்டு உடைப்போம் என்று, வங்கியின் பணம் போடும் இயந்திரத்தில் அவள் கணக்கு எண்ணை அழுத்தி, மாதாமாதம் சத்தமில்லாமல் போட்டுவந்தான்.

அவள் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். வாய் மட்டும் மாத்திரை அளவு இல்லை. "கடன்காரரே, சோறு ஆறுது!" என்பாள். அவனுக்கு உள்ளுக்குள் குறுகுறுக்கும். இரு, இரு என்று மனசுக்குள் கறுவிக்கொள்வான்.

கிடங்கில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துத்தான் மதியத்தில் லுஹர் தொழுவார்கள். வேர்த்த நெற்றியில் அட்டையின் மை ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் புருவத்திலிருந்து உச்சி நோக்கி ஓர் அம்புக்குறியோடு வீட்டுக்கு வந்தான். "மூளை இந்தப் பக்கம்னு வழி காட்டுதா?" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கூட வேலை பார்க்கும் சுருட்டை, தொழுமிடத்துக்காக வசூல் தொடங்கினான். சில்லறைதான் விழுந்தது. திடீரென்று யாரோ பேர் தெரியாத சீமான் அள்ளிக் கொடுக்க ஆரம்பித்தார். மெத்தென்று கம்பளம் வந்தது. தொழுமுன் கைகால் கழுவி ஒளூ செய்யக் குழாய் வந்தது. பெண்கள் தொழத் தடுப்பு வந்தது.

"யாருடா அந்தச் சீமான்?"

"சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன். நீ துஆ மட்டும் செய்."

நெட்டையன் செய்தான். கம்பளம் நெற்றியில் படும்போதெல்லாம் அழுத்தி அழுத்திச் செய்தான். "யா அல்லாஹ், அந்த மனுஷனுக்குப் பத்து மடங்கா குடு."

வருஷம் நிறைந்த அன்று காலை கடைசித் தவணையையும் போட்டுவிட்டு, மூச்சிரைக்க மாடியேறினான். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் கணக்கைப் பாரு!"

போனைப் பார்த்தவள் முகம் சுருங்கியது. "ஐயோ, மறுபடியும் வந்துடுச்சு!"

"எது?"

"யாரோ முட்டாப்பய மாசாமாசம் தப்பா என் கணக்குல போடுறான். வங்கில கேட்டா, ஆளைக் கண்டுபிடிக்க முடியாதுன்னுட்டாங்க. அடுத்தவன் காசு நமக்கு எதுக்கு? ஹஜ்ரத்தைக் கேட்டேன். ஆள் கிடைக்கலைன்னா அந்த ஆளுக்காக தர்மம் பண்ணிடுன்னாரு. பதினொரு மாசமும் சுருட்டைகிட்டத்தான் குடுத்தேன். தர்மத்தை வெளியே சொல்லக் கூடாதில்ல, அதான் உங்ககிட்டகூடச் சொல்லல..."

நெட்டையன் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான்.

"அந்த முட்டாப்பய நான்தாண்டி. அது உன் மஹர்."

அவள் கையிலிருந்த சட்டை நழுவித் தெருவில் விழுந்தது. முதலில் விழித்தாள். பிறகு கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவனுக்கும் தொற்றிக்கொண்டது. பதினொரு மாதமாகத் தனக்குத்தானே துஆ செய்திருக்கிறான்! சிரித்துச் சிரித்து விக்கல் வந்த பிறகுதான் அவனுக்குப் பகீரென்றது.

"அப்போ மஹர் குடுத்தாச்சா, இல்லையா? இன்னிக்கோட வருஷம் முடியுது."

இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஹஜ்ரத்துக்குப் போன் போட்டார்கள். முழுக் கதையையும் கேட்ட ஹஜ்ரத் வெகுநேரம் இருமினார். அது இருமலில்லை என்று இருவருக்குமே தெரிந்தது.

"மஹர்னு சொல்லாம போட்டா, அது யார் காசோன்னுதானே உங்க வீட்டுக்காரம்மா நினைப்பாங்க? இப்ப காசுக்குச் சொந்தக்காரர் வந்துட்டாரு. ரெண்டு வழி இருக்கு. அந்தத் தர்மத்தை நீங்க ஏத்துக்கிட்டா நன்மை உங்களுக்கு. மஹர் பாக்கி அப்படியே நிக்கும். இல்ல, காசுதான் வேணும்னா அவங்க திருப்பித் தரணும். நன்மை அவங்களுக்கு."

நெட்டையன் தாடியைச் சொறிந்தான். கம்பளத்தில் நாளுக்கு நாற்பது பேர் தொழுகிறார்கள். நெற்றி பதிக்கும் அத்தனை ஸஜ்தாவின் நன்மை! கையில் வந்ததை விட மனசு வருமா?

"நன்மையை நீங்களே எடுத்துக்கோங்க" என்றாள் அவள். "மஹரை நான் விட்டுக்கொடுத்துடுறேன்."

"விட்டுக்கொடுக்குறதுக்கா செருப்புத் தேய நடந்தேன்? அது உன் உரிமை." எழுந்து நின்று கையை நீட்டினான். "என் காசைத் திருப்பிக் குடு!"

"நான் எங்க போவேன்? எல்லாம் கம்பளமா விரிஞ்சு கிடக்கு."

"அப்போ நீ எனக்குப் பதினொரு மாசத்துக் கடன். நானும் உனக்கு அதே பதினொரு மாசத்துக் கடன். ரெண்டையும் கழி. இந்த மாசத்துது உன் கணக்குலயே இருக்கு."

விரல் விட்டுக் கழித்துப் பார்த்தாள். "அப்படின்னா... நன்மை மொத்தமும் எனக்கா?"

"சில்லறை பாக்கியில்லாம."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை வாயருகே கொண்டுபோனாள்.

"ஹஜ்ரத், மஹர் முழுசா கைக்கு வந்துடுச்சு. எழுதிக்குங்க."

"பாக்கின்னு எழுதினதை இப்பவே அடிச்சுடுறேன்மா" என்றார் ஹஜ்ரத். போனுக்குள் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு பேனா நீளமாக ஒரு கோடு இழுத்தது.