வண்டி ரிப்பேராமே

எங்கள் ஊரில் யாரும் யாரையும் "இதைச் செய்யாதே" என்று சொல்ல மாட்டார்கள். விசாரிப்பார்கள். "மகளை மேற்கொண்டு படிக்க அனுப்பலையாமே?" என்று ஒருத்தர் கேட்டால், அனுப்பாதே என்று பொருள். யார் சொன்னது என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. அந்த 'ஆமே'வுக்குச் சொந்தக்காரன் கிடையாது. தென்காசியிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாததல்ல. ஆனால் அது மற்றவர்களுக்கு நடப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டர். டிராயிங் மாஸ்டருக்கு என்ன மரியாதை என்பது பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். பரீட்சை நெருங்கினால் என் வகுப்பைக் கணக்கு வாத்தியார் கேட்காமலே எடுத்துக்கொள்வார். எங்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் வயலும் இருந்தது, கோயில் மரியாதையும் இருந்தது. வயல் என் சித்தப்பா பிச்சுமணியிடம் போய்ச் சேர்ந்தது. என் பங்குக்கு வந்தது காந்திமதிநாதன் என்ற நீளமான பெயரும், திருவிழாவில் சித்தப்பாவுக்குப் பின்னால் நிற்கிற இடமும்தான். இப்படிப்பட்டவனுக்குக் கார் ஆசை வந்தது.

1955 தொடக்கம் என்று நினைவு. செங்கோட்டை அப்போது மலையாள ராஜ்யத்தில் இருந்தது. அதற்கும் மேலே மலையில் ஓர் எஸ்டேட். துரை சீமைக்குப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. அவர் விட்டுப்போன பேபி ஆஸ்டின் ஒன்று மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. 1934 மாடல், பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. காவல்காரர், "கொண்டு பொய்க்கோ சாரே" என்று ஏறக்குறைய கையெடுத்துக் கும்பிட்டார். ஓர் உழவு மாட்டின் விலைகூட ஆகவில்லை. மாட்டு வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டி, நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்தேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தில் நானும் சேர்ந்து சிரித்தேன்.

வண்டியைச் சிநேகிதர் ஹபீபுல்லாவின் மரக்கடைக் கொட்டகையில் நிறுத்தினேன். அதற்கு உயிர் கொடுத்தவன் அய்யாத்துரை. பஸ் கம்பெனி ஷெட்டில் ஃபிட்டர், இருபத்தைந்து வயது. இயந்திரத்தின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு என்ன நோய் என்று சொல்லிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேதக்கோயிலில் ஜெபத்தை முடித்துவிட்டு நேராகக் கொட்டகைக்கு வருவான். கூலி என்று பேச்சே எடுத்ததில்லை. அவனுக்கும் என்னைப் போலவே பைத்தியம் பிடித்திருந்தது.

கையில் காசில்லாதவர்கள் கார் வைத்துக்கொள்வது எப்படி என்று எங்களிடம் கேட்டிருக்க வேண்டும். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றுவோம், அடைத்துக்கொள்ளும். பஸ் ஷெட்டில் கழித்துப் போட்ட சாமான்களில் பாதி எங்கள் வண்டிக்குள் இருந்தது. கிடைக்காத சாமானை நான் அளவெடுத்துப் படம் வரைந்து கொடுப்பேன், அய்யாத்துரை லேத்துக்காரரிடம் கெஞ்சிக் கடைந்து வாங்கிவருவான். என் படத்தை வாழ்க்கையில் மதித்தது அந்த லேத்து ஒன்றுதான். மேல் கூரைத் துணி கிழிந்து தொங்கியபோது அவன் அக்கா சுகிர்தம், தையல் மெஷின் வைத்திருப்பவள், பழைய கித்தானைக் கச்சிதமாகத் தைத்துக் கொடுத்தாள்.

எட்டு மாதம் கழித்து வண்டி ஓடியது. அதற்குப் பிறகு ஞாயிறு மத்தியானம் என்றால் குற்றாலம்தான். சாரல் முகத்தில் அடிக்க, கூரையை மடித்துவிட்டு, இருபது மைல் வேகத்தில் போவோம். பஸ் முந்தும். சில நாள் சைக்கிளும் முந்தும். ஐந்தருவி ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கி நின்றால் அய்யாத்துரை குதித்து இறங்கித் தள்ளுவான். குளித்துவிட்டு, நனைந்த தலையோடு, என்ஜின் சூட்டில் கையைக் காய்ச்சிக்கொண்டு கடலை தின்போம். என் ஆயுளில் நான் உண்மையாக மகிழ்ந்திருந்தது அந்த மூன்று வருஷம்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, வெட்கப்பட வேண்டியது வேறு இருக்கிறது.

மரக்கடையிலிருந்து குற்றாலம் ரோட்டுக்கு எங்கள் தெரு வழியாகப் போக வேண்டும். தெருமுனை வந்ததும் அய்யாத்துரை இறங்கிக்கொள்வான். "நீங்க போங்க அண்ணாச்சி, நான் வாய்க்காக்கரை வழியா வாரேன். காத்து வாங்குனாப்ல இருக்கும்" என்பான். நான் தெருவைக் கடந்து மறுமுனையில் நிறுத்துவேன். வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து ஏறிக்கொள்வான். அவன் சாதிக்காரர்கள் எங்கள் தெருவில் சைக்கிளைக்கூட இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். மூன்று வருஷமும் அவன் காற்று வாங்கினான். ஒரு நாளும் நான் "உக்காருலே" என்று சொன்னதில்லை. அவனாக இறங்குகிறான், நான் என்ன செய்ய என்று இருந்துவிட்டேன். ஆனால் முதல் வருஷம் என்னை சார் என்று கூப்பிட்டவனை, அண்ணாச்சி என்று கூப்பிடச் சொன்னது நான்தான். அதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

1958 ஆடியில், அருவிக்கரையில் வைத்து, கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்றான். பெண் கீழப்பாவூர், பெயர் ஞானபாக்கியம். ஆவணியில் கல்யாணம். சொல்லிவிட்டுக் கடலைத் தோலை ஊதிக்கொண்டே இருந்தான்.

"என்னலே, இன்னும் என்னமோ இருக்கு. சொல்லு."

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வீட்டுல இருந்து வேதக்கோயிலுக்கு மாப்பிள்ளை ஊர்வலம் போகும்லா. நம்ம வண்டியில போனா எப்படி இருக்கும்னு அக்கா கேக்கா."

"அக்கா கேக்காளா, நீ கேக்கியா?"

சிரித்தான். "ஒரே ஒரு நாளுதான்."

"ஏலே, அது உன் வண்டி. நான்தான் ஓட்டுவேன். எட்டு மணிக்கு உன் வீட்டு வாசல்ல நிப்பேன்."

சத்தியமாக மனதறிந்துதான் சொன்னேன். அவன் வீட்டிலிருந்து வேதக்கோயிலுக்குக் கார் போகக்கூடிய பாதை எங்கள் தெரு ஒன்றுதான் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. நான் பேசாதது அலட்சியத்தால். அவன் பேசாதது என்னை நம்பி.

கல்யாணம் திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சித்தப்பா வீட்டு வழியாக வந்தேன். ஈஸிசேரில் சாய்ந்து விசிறிக்கொண்டிருந்தவர் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"வண்டி ரிப்பேராமே?"

"யாரு சொன்னா சித்தப்பா? நல்லாத்தான் ஓடுது" என்றேன்.

"அப்படியா" என்றார். விசிறிக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை மளிகைக்கடையில் சங்கரநாராயணன் பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "என்ன சார்வாள், வண்டி ரிப்பேராமே?" என்றார். கடையில் நின்ற மூன்று பேர் என் வாயைப் பார்த்தார்கள். "ஸ்டார்ட்டிங் கொஞ்சம் தகராறு" என்று என் வாயில் வந்தது. ஏன் வந்தது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. பயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசலில் நிறுத்திக் கழுவினேன். துடைத்துக்கொண்டிருக்கும்போது என் மனைவி சண்முகசுந்தரி காப்பியோடு வந்து நின்றாள்.

"வண்டி ரிப்பேராமே? குழாயடியில பேசிக்கிடுதாவ."

ஈரம் சொட்டச் சொட்டப் பளபளவென்று நின்ற வண்டிக்கு முன்னால் வைத்துத்தான் கேட்டாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் காப்பியைப் பார்த்தாள்.

"ஆமா" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை. கை ஓங்கவில்லை. சாதியிலிருந்து தள்ளிவைக்கிறோம் என்று கூட்டம் போடவில்லை. அப்படி நடந்திருந்தால் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும். வண்டியை எடுத்திருந்தால் எனக்கு என்ன போயிருக்கும் என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். திருவிழாவில் சித்தப்பாவுக்குப் பின்னால் நிற்கிற இடம் போயிருக்கும். அங்கே நின்றால் ஒன்றும் தெரியாது, அவர் முதுகுதான் தெரியும்.

திங்கட்கிழமை விடிந்ததும் வண்டி மூடியைத் திறந்தேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டர் என்று கட்டைவிரல் பருமனில் ஒரு சாமான் உண்டு. மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். அதை உருவிவிட்டால் வண்டி வெறும் தகரம். உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்திருந்தேன், கல்யாணத்துக்காக.

மாப்பிள்ளை மணக்கோலத்தில் வீட்டை விட்டு வெளியே வர மாட்டான், ஆள்தான் அனுப்புவான், அந்த ஆளிடம் கையை விரித்துவிடலாம் என்பது என் கணக்கு. ஃபிட்டரைப் பற்றி இவ்வளவு காலம் பழகியும் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வண்டி ரிப்பேர் என்று காதில் விழுந்தால் அவன் சும்மா உட்கார்ந்திருப்பானா?

எட்டரை மணிக்கு வந்தான். புதுக் கோட்டு, சட்டையில் ரோஜாப்பூ, தலையில் எண்ணெய்ப் பளபளப்பு. சைக்கிளை மிதித்துக்கொண்டே எங்கள் தெருவுக்குள் வந்தான். அவசரத்தில் இறங்க மறந்திருக்க வேண்டும். வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். சித்தப்பா தன் வீட்டுப் படியில் நின்றார்.

"என்ன அண்ணாச்சி, கிளம்பலையா? கவலைப்படாதீய, அஞ்சு நிமிசத்துல பாத்துருவோம்" என்றான். கோட்டைக் கழற்றி மடித்துச் சைக்கிள் மேல் போட்டான். வண்டிக்கு முன்னால் ஸ்டார்ட்டிங் கைப்பிடியைச் செருகி இரண்டு சுற்றுச் சுற்றினான். காதைச் சாய்த்துக் கேட்டான். மூடியைத் திறந்து பிளக் வயரைத் தொட்டான். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் இரண்டு கிளிப்பையும் தட்டி மூடியை எடுத்தான்.

எடுத்தவன் அப்படியே நின்றான். ரோட்டர் இருந்த இடம் காலி. தானாகக் கழன்று விழுகிற சாமான் அல்ல அது. என் முகத்தைப் பார்த்தான். என் சட்டைப்பையைப் பார்த்தான் என்றுகூட எனக்குத் தோன்றியது, என் புத்திதான் அப்படி நினைத்திருக்கும். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் முகத்தில் இருந்தது கோபமில்லை. எனக்காக அவன் வெட்கப்பட்டான்.

மூடியை நிதானமாகப் பொருத்திக் கிளிப் போட்டான். கையைத் துடைத்துக்கொண்டான். தெருவெல்லாம் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"ஆமா அண்ணாச்சி, ரிப்பேருதான். இப்போதைக்குச் சரியாவாது."

கோட்டைப் போட்டுக்கொண்டு, சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டு போனான். மாப்பிள்ளையும் ஊர்வலமும் வாய்க்கால்கரை வழியாக வேதக்கோயிலுக்கு நடந்து போனதாக மத்தியானம் கேள்விப்பட்டேன். முந்தின ராத்திரி மழையில் கரையெல்லாம் சகதி. நான் போகவில்லை. சட்டைப்பைக்குள் கையை விட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தேன்.

மறுநாள் சித்தப்பா ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். "வண்டி சரியாயிட்டாமே?" என்று சிரித்தார். காப்பி கொடுக்கச் சொன்னார். குடித்தேன்.

வண்டியின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். அடுத்த ஞாயிறு ரோட்டரை மாட்டினேன், முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. தனியாகக் குற்றாலம் போனேன். ஐந்தருவி ஏற்றத்தில் நின்றது, தள்ள ஆளில்லை. திரும்பி வந்தேன். பிறகு அதற்கு ஒவ்வொன்றாக நோய் வந்தது. அய்யாத்துரை என் பக்கம் வரவே இல்லை. வேறு மெக்கானிக்குகள் இதற்குச் சாமான் கிடையாது என்று கையைக் கழுவினார்கள். 1962-இல் பழைய இரும்புக்குப் போட்டேன். சுகிர்தம் தைத்த கூரைத் துணி மட்டும் அப்போதும் கிழியாமல் இருந்தது.

அந்தச் சுகிர்தம், கல்யாணம் முடிந்த பதினைந்தாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வீட்டுக்கு வந்தால் எங்கள் தெருவுக்குள் வர வேண்டும் என்பதால் பள்ளிக்கூடம். கையில் ஓலைப்பெட்டி, அதில் கல்யாணப் பலகாரம். வேப்பமரத்தடியில் நின்று கொடுத்தாள்.

"தம்பிதான் கொடுத்துட்டு வரச் சொன்னானா?" என்று கேட்டேன்.

"இல்ல. நானாத்தான் வந்தேன்." சுற்றிலும் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டாள். "எங்க ஆளுவ எல்லாம் ஒரே பேச்சு அண்ணாச்சி. அந்த மாஸ்டர் வேணும்னே வண்டியை முடக்கிட்டாருன்னு. அதுக்குத் தம்பி எங்க மாமாவை அடிக்கப் போயிட்டான். 'நான் என் கண்ணால பாத்தேன், என்ஜின்ல காயில்ங்கற சாமான் எரிஞ்சு கிடந்துச்சு, அண்ணாச்சி அப்படிப்பட்டவரு இல்ல'ன்னு வேதப் புத்தகத்துல கையை வச்சுச் சத்தியம் பண்ணுதான். அவன் பொய்ச் சத்தியம் பண்ண மாட்டான். ஆனா கல்யாணத்தன்னைக்கும் சாப்பிடல, இன்னைக்கு வரைக்கும் சரியாச் சாப்பிடல. அதான் கேக்க வந்தேன். நெசமாவே ரிப்பேருதானா?"

அவள் என்னை நம்புவதற்குத் தயாராக வந்திருந்தாள். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் கிடைத்தது. பக்கத்தில் யாரும் இல்லை. சித்தப்பா இல்லை, தெரு இல்லை. "இல்லம்மா, நான்தான் செய்தேன்" என்று சொல்லியிருந்தால் ஒருவேளை அவன் சாப்பிட்டிருப்பான். ஒருவேளை வந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பான்.

"ஆமாம்மா" என்றேன். "காயில் எரிஞ்சுபோச்சு. தம்பி சொன்னது நெசம்தான்."

அவள் முகம் தெளிந்தது. "எனக்குத் தெரியும் அண்ணாச்சி" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.