பார்ட் வந்துகொண்டே இருக்கிறது

சிறுநீரகம் கிடைக்காமல் உலகத்தில் எத்தனையோ பேர் காத்துக் கிடக்கிறார்கள். கையில் கிடைத்ததைப் பழைய துணியால் துடைத்துக் குப்பையில் போட்டவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

நான் பிரிண்டர் மெக்கானிக். அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் லேபிள் அடிக்கிற சின்ன பிரிண்டர் ஒன்று பேப்பரை மென்று தின்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். காலுக்கு நீல உறை, தலைக்கு வலைத்தொப்பி எல்லாம் மாட்டிவிட்டு, "உள் ரூம்ல இருக்கு, பாருங்கண்ணா" என்று ஒரு பெண் கதவைத் திறந்துவிட்டுப் போன் பேசப் போய்விட்டாள். லேபிள் பிரிண்டர் மேசைக்கு அடியில் இருந்திருக்கிறது. குனிந்து பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. மேசைமேல், கண்ணாடிப் பெட்டிக்குள், ஊசி மூக்கோடு ஒரு மெஷின் மஞ்சள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, துளி நகர்வதும் நின்று யோசிப்பதுமாக இருந்தது. சிக்கிக்கொண்ட பிரிண்டரின் முழி எனக்குத் தெரியாதா? எங்கள் தொழிலின் ஆதி வைத்தியத்தைச் செய்தேன். ஸ்விட்சை அணைத்து, பத்து வரை எண்ணி, மறுபடி போட்டேன். அதோடு விட்டிருந்தாலாவது புண்ணியமாகப் போயிருக்கும். தட்டில் கொழகொழவென்று ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. செய்வதைத் திருந்தச் செய் என்று வளர்க்கப்பட்டவன் நான். வழித்துத் துடைத்தேன். தட்டு பளபளவென்று ஆனது.

அந்தப் பெண் திரும்பி வந்து தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் துணியைப் பார்த்தாள்.

"அண்ணா, இதுல இருந்தது எங்க?"

"எது, அந்த ஜெல்லியா?"

"அது ஜெல்லி இல்லண்ணா. கிட்னி."

"முழுசாவா?"

"ஒரு ஓரம்."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குற்ற உணர்ச்சி பாதிதான். மீதிப் பாதி என்னவென்றால், எனக்கு இரண்டு சிறுநீரகங்களும் வேலையை விட்டு நின்று ஒன்றரை வருஷம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சலவை செய்துகொண்டு வருகிறவன். பசியில் கிடப்பவன் சோற்றுப் பானையைக் கவிழ்த்த கதை. இதை நான் சொன்னதும், திட்டுவதற்காகத் திறந்த வாயை அவள் மூடிக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். கொடுக்கப் போனவள் சட்டென்று நின்று, எனக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் அளவு என்று கேட்டாள்; சிறுநீரகம் நின்றவனுக்குத் தண்ணீரும் அளந்துதான். சொன்னேன். முக்கால் டம்ளரைத் திரும்பக் கொட்டிவிட்டு மீதியைத் தந்தாள். அந்த மூன்று மடக்குத் தண்ணீரில் அவள் எனக்குத் தங்கச்சி ஆகிவிட்டாள்.

அதன் பிறகு லேபிள் பிரிண்டர் நன்றாக ஓடிய நாட்களிலும் அதைச் சரிபார்க்கப் போனேன். தங்கச்சி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். ஒருவர் உடம்பிலிருந்து செல்களை எடுத்து, வளர்த்து, ஒரு கூழில் கலந்து, மைக்குப் பதில் ஊசியில் நிரப்பி, அடுக்கடுக்காக அச்சடிக்கிறார்கள். என் செல்லிலேயே செய்தால், நீ யார் எங்கிருந்து வந்தாய் என்று என் உடம்பு அதனோடு மல்லுக்கு நிற்காதாம். பிரிண்டரை மட்டும் நம்பாதீர்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிற நான், கடைசியில் ஒரு பிரிண்டரை நம்பினேன்.

நம்புவதற்குக் காரணம் என் அக்கா.

அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடிக்க, பக்கத்து இருக்கையில் தனக்கென்று பொருத்திய இன்னொரு பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே பாதி ஆயுளைக் கழித்தவள். அவளிடம் படித்துத் தேறாத ஒரே மாணவன் நான். அந்த அக்காவின் சிறுநீரகம் எனக்குப் பொருந்துகிறது என்று எல்லாப் பரிசோதனையும் சொல்லிவிட்டது. மாமாவும் சரி என்றுவிட்டார். பாக்கி, நான் தலையாட்ட வேண்டியதுதான். என் இதயம் களைத்துக்கொண்டு வருகிறது, தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

நான் தள்ளிப்போட்டேன். "எதுக்குக்கா உன்னோடது? இன்னும் கொஞ்ச நாள்ல பிரிண்ட் போட்டே குடுத்துடுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

உண்மையில் எனக்கு அவளிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பயமாக இல்லையா என்று. பல தடவை கேட்டேன். ஒரு தடவை, சாப்பிட்டாயா என்றாள். ஒரு தடவை, சட்டை ஏன் இப்படிக் கசங்கியிருக்கிறது என்றாள். இன்னொரு தடவை, முன்னால் போகிற லாரிக்காரன் இண்டிகேட்டர் போடாததைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினாள். மனசில் இருப்பதைச் சொல்லாதவளிடமிருந்து உடம்பில் இருப்பதை எப்படி வாங்குவது?

ஒரு நாள் டயாலிசிஸ் முடிந்து துவண்டுபோய்க் காரில் ஏறினேன். அக்கா வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஆராய்ச்சிக்கூடத்துக்கு விட்டாள். "உன் தங்கச்சிகிட்ட நானே கேக்குறேன், எப்ப குடுக்கப் போறாங்கன்னு."

தங்கச்சி அக்காவுக்கும் தொப்பி மாட்டி, மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். நகத்தளவு துண்டு, வெங்காயத் தோல் கனம். உள்ளே மயிரிழைக் குழாய்கள். அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"உயிரோடவாம்மா இருக்கு?"

உயிரோடுதான், பல வாரமாக, என்றாள் தங்கச்சி. அவள் முகத்தில் பிள்ளை பெற்றவளின் பெருமை. புது மருந்து ஏதாவது சிறுநீரகத்தைக் கெடுக்குமா என்று மனுஷர் விழுங்கும் முன்பே இந்தத் துண்டு சொல்லிவிடுமாம். ஆனால் கனமாக அச்சடித்தால் ஓரம் பிழைக்கிறது, நடு பட்டினியில் சாகிறது. ரத்தம் ஒவ்வொரு செல்லுக்கும் போய்ச் சேர வேண்டும். அத்தனை மெல்லிய ரத்தக்குழாய்களை அடித்து, ஒன்றோடொன்று சேர்த்து, ஒழுகாமல் ஓடவைக்க இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"சரிம்மா, எனக்கு எப்ப கிடைக்கும்?" என்றேன்.

"நெருங்கிட்டே இருக்கோம்ணா. ரொம்ப நல்ல முன்னேற்றம் தெரியுது."

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருகிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது அது.

எனக்கு அந்த வாக்கியம் தெரியும். என்னுடைய வாக்கியம் அது. "பார்ட் ஆர்டர் போட்டாச்சு சார், வந்துட்டே இருக்கு." தயாரிப்பே நின்றுபோன மாடலைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பவர்களிடம், அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்காமல், ஏதாவது ஒரு திருகாணியைப் பார்த்துக்கொண்டு நான் சொல்வது. ஒரே வித்தியாசம், இவள் பொய் சொல்லவில்லை. பார்ட் வந்துகொண்டுதான் இருக்கிறது. அது வந்து சேரும்போது என் மெஷின் இருக்காது, அவ்வளவுதான். கோபம் வரவில்லை. இந்தப் பெண்ணுக்கு என்மேல் இவ்வளவு பிரியமா என்றுதான் தோன்றியது.

"வரும்போது வரட்டும்மா" என்றேன். "வேற யாருக்காவது ஆகும்."

"நீங்க அந்த மெஷினைத் தொடாம இருந்தாலே கொஞ்சம் சீக்கிரம் வந்துடும்ணா" என்றாள். சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காரில் அக்கா ஸ்டியரிங்கில் உட்கார, நான் அவளுடைய வழக்கமான இடத்தில், அந்த இரண்டாவது பிரேக் இருக்கிற இடத்தில் உட்கார்ந்தேன். அங்கே உட்காரும்போதெல்லாம் காலை அதன் கிட்டே கொண்டுபோகாதே என்பாள். சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு முழம் நகர்ந்தது. நான் பிரேக்கை அமுக்கினேன். குலுங்கி நின்றது.

"டேய், காலை எடு."

"உனக்குப் பயமா இல்லையா?"

"டயாலிசிஸ் முடிச்சுட்டு வந்திருக்க, பசிக்கும் உனக்கு."

"அக்கா."

மறுபடி சாவியைத் திருப்பினாள். மறுபடி அமுக்கினேன். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். எத்தனையோ பேரின் வண்டியை அந்த பிரேக்கால் நிறுத்தியவள், முதல் தடவையாகத் தானே நிறுத்தப்பட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"பயமாத்தான்டா இருக்கு. கத்தியை நினைச்சு இல்ல. மயக்க மருந்து குடுத்துட்டா என் காலுக்குக் கீழ பிரேக் இருக்காது. நீ அந்தப் பக்கத்து ரூம்ல கிடப்ப, என்ன ஆச்சுன்னு எட்டிக்கூடப் பாக்க முடியாது. அதுதான் பயம். ஆனா என்கிட்ட வர்ற ஒருத்தராவது பயம் போனப்புறம் வண்டி எடுத்திருக்காங்களா? எல்லாரும் பயந்துக்கிட்டேதான் எடுக்கிறாங்க. நானும் பயந்துக்கிட்டேதான் குடுப்பேன். பதில் சொல்லிட்டேன். இப்ப காலை எடு."