வாசலில் விட்ட இரும்பு

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் கடவுளுக்கு அடுத்தபடியாக எல்லாரும் பயந்தது எனக்குத்தான். சாத்தூரிலிருந்து அச்சங்குளம் போகிற வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே இருந்தது கம்பெனி. காலை எட்டு மணிக்கு ஒரு பனையோலைப் பெட்டியோடு அதன் வாசலில் நிற்பேன். உள்ளே போகிற பெண்கள் கொண்டை ஊசி, ஊக்கு, சாவிக்கொத்து என்று எது வைத்திருந்தாலும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே ஒவ்வொரு அறையிலும் வெடிமருந்து பரப்பிக் கிடக்கும். இரும்பு எதிலாவது உரசி ஒரு பொறி விழுந்தால் போதும், அறை இருந்த இடம் தெரியாது. சாயங்காலம் சங்கு ஊதியதும் அவரவர் சாமானை அவரவர் எடுத்துக்கொள்வார்கள்.

செல்லக்கனி என்றால் வாய்க்காரி என்றுதான் ஊரில் பெயர். கோபம் எனக்கு மூக்குக்கு மேலே. வேதக்கோவிலில் எல்லாரும் சேர்ந்து ஜெபம் பண்ணும்போதும் என் சத்தம்தான் கூரையைத் தொடும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

அறுபத்திரண்டாம் வருஷம் ஆவணியில், தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்த நேரம், ஒரு திங்கட்கிழமை பஞ்சம்மாள் வேலைக்குத் திரும்பி வந்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் அவள் கம்பெனிப் பக்கமே வரவில்லை. முந்தின வருஷம் வைகாசியில் மூன்றாம் நம்பர் அறை வெடித்தபோது உள்ளே இருந்த ராமுத்தாய் செத்துப்போனாள். பஞ்சம்மாளும் அவளும் ஒரே அறையில், ஒரே பாயில் உட்கார்ந்து மருந்து அடைக்கிறவர்கள். தண்ணீர் குடிக்க வெளியே வந்ததால் பஞ்சம்மாள் பிழைத்தாள். அன்றிலிருந்து அவள் திடீர் திடீரென்று விழுவாள், செத்தவளின் குரலில் பேசுவாள். ராமுத்தாய் பேயாக வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

அவள் புருஷன் மொக்கைச்சாமி அவளைப் பேயோட்டுகிற கோடாங்கியிடம் இழுத்துக்கொண்டு அலைந்தான். வேப்பங்குலையால் அடித்தார்கள், பிறகு சாட்டையால் அடித்தார்கள். எதற்கும் பேய் போகவில்லை. இதையெல்லாம் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, நான் ஒரு நாளும் அந்த வீட்டுப் படியேறியதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை பஞ்சம்மாளின் கொண்டையைத் தடவினேன், ஒன்றுமில்லை. இடுப்பைத் தடவினேன். சேலைக்குள்ளே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. கறுப்புக் கயிற்றில் கோத்த இரும்பு வளையம்.

"என்ன தாயி இது? மருந்துக்குள்ள இரும்போட போறியா? அம்புட்டுப் பேரையும் கொல்லப் பாக்கியா?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, கோடாங்கி கட்டுனது. இது இடுப்புல இருக்குற வரைக்கும் அவ கிட்ட வர மாட்டாளாம். அவுத்தா அன்னைக்கே என்னையக் கூட்டிட்டுப் போயிருவாளாம். நான் செத்துருவேன் யக்கா."

ராமுத்தாய் செத்த இடத்துக்கே வேலைக்குப் போகிறாள், அவளைத் தடுக்க இடுப்பில் இரும்பு. அந்த இரும்பே அவளைக் கொல்லும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தோன்றவில்லை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவிழ்க்கச் சொல்லிக் கயிற்றில் கை வைத்தேன். அவ்வளவுதான், பஞ்சம்மாள் வாசலிலேயே விழுந்தாள். கண் மேலே சொருகியது. பெண்கள் அலறிக்கொண்டு நாலு பக்கமும் ஓடினார்கள்.

எனக்குப் பயமில்லை. உண்மையைச் சொன்னால், மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. இத்தனை பேர் பார்க்கிறார்கள், கோடாங்கியால் ஆகாததை இந்த வேதக்காரி செய்து காட்டுகிறாள் பார் என்று கையைத் தூக்கிக்கொண்டு முழுத் தொண்டையில் கத்தினேன். "இயேசுவின் நாமத்துல சொல்றேன், வெளியே போ!"

விழுந்து கிடந்தவள் சிரித்தாள். அது பஞ்சம்மாளின் சிரிப்பு இல்லை.

"என்னைய விரட்ட நீ யாருட்டி? எங் கொண்டை ஊசியை அன்னைக்கு நீ வாங்குனியா?"

சுற்றி நின்ற யாருக்கும் அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. தூக்கிய கை தானாகக் கீழே இறங்கியது.

அந்த வைகாசி நாளில் எங்கள் வேதக்கோவிலில் அசனம். ஊருக்கே சோறு போடுகிற நாள். காய் நறுக்கப் பத்து மணிக்குள் நான் அங்கே போயாக வேண்டும். அந்த அவசரத்தில் கடைசியாக வந்த ஏழெட்டுப் பெண்களைத் தடவிப் பார்க்காமல் "போங்க, போங்க" என்று உள்ளே தள்ளிவிட்டேன். அதில் ஒருத்தி ராமுத்தாய். பதினோரு மணிக்கு அறை வெடித்தது. வெயில் சூட்டினால் பிடித்திருக்கும் என்று விசாரிக்க வந்த அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் கம்பெனிக்குத் திரும்பி வந்து பெட்டியைத் திறந்து பார்த்தேன். தினமும் அவள் போடுகிற இரும்புக் கொண்டை ஊசி அதில் இல்லை. அவள் அம்மா ராக்காயி அழுதுகொண்டே வந்து, "எம் மக சாமான் ஏதும் இருக்கா செல்லக்கனி?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லை" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றையிலிருந்து ராக்காயி வருகிற தெருவில் நான் நடப்பதில்லை, பஞ்சம்மாள் வீட்டுக்கும் போனதில்லை.

பிசாசு பொய் மட்டும்தான் பேசும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிஜத்தைச் சொல்லியும் அது நம் வாயை அடைக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பஞ்சம்மாள் அன்று வரிசையில் நின்று பார்த்ததை அது எடுத்துக்கொண்டதோ, அதற்கே தெரிந்திருந்ததோ, அது எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் பஞ்சம்மாள் தெளிந்து எழுந்தாள். போர்மேன் சங்கரபாண்டியன் வந்து, இரும்போடு அவளை உள்ளே விட முடியாது என்று சொல்லி, வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் காகிதக் குழாய் சுற்ற உட்காரவைத்தார். இங்கே நடந்ததைக் கேள்விப்பட்ட மொக்கைச்சாமி அன்றைக்கே கோடாங்கியிடம் ஓடினான். வெள்ளிக்கிழமை கூட்டி வா, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் நெற்றியில் சூடு போட்டால் போய்விடும் என்று கோடாங்கி சொல்லியனுப்பினான். சூட்டுக்கோல்கூட அடித்து வாங்கியாகிவிட்டது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

எனக்கு மூன்று நாள் இருந்தது. செவ்வாயும் புதனும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தேன். ஜெபிக்க வாயைத் திறந்தால், கூரையைத் தொடுகிற என் சத்தம் வரவேயில்லை. "ஆண்டவரே, அவளைப் பிடித்திருப்பதைத் துரத்தும்" என்று கேட்கப் போனேன். "முதலில் என்னைப் பிடித்திருப்பதைத் துரத்தும்" என்றுதான் வந்தது. தரையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். புதன்கிழமை மாலை எழுந்து, முகத்தைக் கழுவி, நேராக ராக்காயி வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் காலை கம்பெனி வாசலில் எல்லார் முன்னாலும் சொல்லப் போவதையும் சொன்னேன். அவள் கேட்டு முடித்தாள். ஓங்கி ஓர் அறை விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு வருஷமாக வராத தூக்கம் எனக்கு அன்றைக்கு வந்தது.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். வேப்பமரத்தடியில் இருந்த பஞ்சம்மாளின் உடம்பு உதறத் தொடங்கியது.

"சொல்லாத! சொல்லாதட்டி!" என்று அந்தக் குரல் கத்தியது.

"சொல்லத்தான் போறேன்" என்றேன். "எல்லாரும் கேளுங்க. அசனத்து அன்னைக்கு ராமுத்தாயைத் தடவிப் பாக்காம உள்ளே விட்டது நான்தான். அவ கொண்டை ஊசி அன்னைக்குப் பெட்டியில இல்லை. இம்புட்டு நாளா மறைச்சுட்டேன். எம் பாவம் அது."

போர்மேனும் வேலையை விட்டுவிட்டுக் கிட்டே வந்தார். அப்போது பெண்களை விலக்கிக்கொண்டு ஒருத்தி முன்னால் வந்தாள். ராக்காயி. என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே பஞ்சம்மாள் முன்னால் போய் நின்றாள்.

"எம் மகளாம்ல நீ? எம் மக ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டா. கூடப் பொறந்தவ மாதிரி இருந்த புள்ளைய இப்படிப் போட்டு உலுக்குவாளா? நீ எம் மக இல்லை. அவ பேரைச் சொல்லாத!"

செத்தவர்கள் இப்படித் திரும்பி வருவதில்லை என்று உபதேசியார் எத்தனையோ தடவை பிரசங்கம் பண்ணியிருக்கிறார். பெற்றவள் சொன்னபோதுதான் அது எனக்கு முழுசாக உறைத்தது. ராமுத்தாய் பேரைத் திருடிக்கொண்டு எதுவோ வந்திருக்கிறது. அதன் கையில் இருந்த ஒரே ஆயுதம் என் ரகசியம். இப்போது அதுவும் இல்லை.

பஞ்சம்மாள் பக்கத்தில் மண்டியிட்டு அவள் தலையில் கை வைத்தேன். கத்தவில்லை. "ஆண்டவரே, இவளை அடிச்சது போதும். எனக்கு ஒரு தகுதியும் இல்லை, உம்ம பேரைத்தான் நம்பி வந்திருக்கேன்" என்றேன். பிறகு அதைப் பார்த்துச் சொன்னேன். "இனி உனக்குச் சொல்ல என்ன மிச்சம் இருக்கு? இயேசுவின் நாமத்தினாலே இந்தப் புள்ளையை விட்டுப் போ. திரும்பி வராத."

பஞ்சம்மாள் வீறிட்டு ஒரு சத்தம் போட்டாள். உடம்பு விறைத்தது, அப்படியே துவண்டு என் மடியில் சாய்ந்தது. எவ்வளவு நேரம் ஆனதோ, அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"யக்கா, தண்ணி."

அவளுடைய சொந்தக் குரல்! பயம் கலக்காத அந்தக் குரலைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தண்ணீர் குடித்தாள். எழுந்து உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே சேலைக்குள் கையை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கறுப்புக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். தானாக நடந்து வந்து இரும்பு வளையத்தை என் பெட்டியில் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை! அவள் சிரிக்கத் தொடங்கியதும் நான் போட்ட அல்லேலூயாவில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. பெண்கள் எல்லாரும் குலவை போட்டார்கள். வேதக்கோவில் பக்கமே வராதவர்கள் போட்ட குலவை அது. ஆண்டவர் அதையும் சந்தோஷமாகத்தான் கேட்டிருப்பார்.

ராக்காயி போகும்போது என் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுட்டேன்னு நினைக்காத. அதுக்கு இன்னும் நாளாகும்" என்றாள். ஆகட்டும் என்று தலையாட்டினேன்.

போர்மேன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இனி நீ வாசல்ல நிக்கக் கூடாது செல்லக்கனி. முதலாளிகிட்ட நான் சொல்லியே ஆகணும்."

"சொல்லுங்கய்யா. எனக்குப் பதிலா இவளை நிறுத்துங்க. இனி இவ கண்ணுக்குத் தப்பி ஒரு இரும்பும் உள்ளே போகாது."

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேப்பமரத்தடியில் குழாய் சுற்ற நான் உட்கார்ந்திருந்தேன். வாசலில் பனையோலைப் பெட்டியோடு பஞ்சம்மாள் நின்றாள். எட்டரை மணிக்கு மாட்டு வண்டியில் வந்து இறங்கினான் மொக்கைச்சாமி. முந்தின நாள் வீட்டில் அவள் சொன்னது எதையும் அவன் நம்பவில்லை. கக்கத்தில் சாக்கில் சுற்றிய சூட்டுக்கோல்.

"ஏய், வண்டியில ஏறு. கோடாங்கி காத்துக்கிட்டிருக்காரு" என்று உறுமிக்கொண்டே வாசலுக்குள் கால் வைத்தான்.

பஞ்சம்மாள் ஓர் அடி பின்னால் வைக்கவில்லை. குறுக்கே கையை நீட்டினாள்.

"நில்லுங்க. கக்கத்துல என்ன?"

அவன் திகைத்து நின்றான். அவளுடைய பழைய குரல் என்று அப்போதுதான் அடையாளம் கண்டுகொண்டானோ என்னவோ, முகம் மாறியது. அவள் சாக்கை உருவி, சூட்டுக்கோலை எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போட்டாள்.

"இரும்பு உள்ளே வரக் கூடாது. சங்கு ஊதுனதும் வந்து வாங்கிக்கங்க" என்றாள். மொக்கைச்சாமி வண்டியில் ஏறித் தனியாகவே திரும்பிப் போனான்.

சாயங்காலம் சங்கு ஊதியது. பெண்கள் கொண்டை ஊசியும் சாவியும் எடுத்துக்கொண்டு போனார்கள். பெட்டியில் கறுப்புக் கயிற்று வளையமும் சூட்டுக்கோலும் மட்டும் கிடந்தன. கேட்டு ஒருவரும் வரவில்லை.