நாற்பது பேருக்கும் இருமல் இல்லை

விலங்கியல் படித்த தமிழ்வாணிக்குப் பட்டத்தைவிட கூடவே படித்த கணினிச் சான்றிதழ்தான் பெரிதாக இருந்தது. பயன்பாட்டுக் கணினியியலையும் சேர்த்து முடித்தால், கே.கே. நகர் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு, தன் பாடத்தை வைத்தே கணினியில் ஓர் ஆய்வு செய்து காட்ட வேண்டும்.

அவள் நுரையீரலை எடுத்துக்கொண்டாள். மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் வேலை பார்க்கும் நாற்பது பேர். எத்தனை வருடம், இருமல் உண்டா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்கும் ஒரு தாள். பெயர் கூடாது, எண் மட்டும். குவாரிக்குள் வெளியாளை விட மாட்டார்கள் என்பதால், அங்கே கல்லுடைக்கும் அப்பா பேயாண்டியே தாள்களைக் கொண்டுபோய் நிரப்பி வாங்கி வந்தார்.

கணினி வரைந்த கோடு தண்ணீரில்லாத வைகையைப் போலத் தட்டையாகக் கிடந்தது. ஒருவருக்கும் இருமல் இல்லை. தாள்களை ஸ்கேன் செய்து கணினியே படிக்கும்படி எழுதியிருந்ததால், மூன்று நாள் நிரலில் பிழை தேடினாள். மனிதர்களைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

தேர்வன்று காலை பேயாண்டி வாசல்வரை வந்தார்.

“தைரியமாப் போ தாயி. ஒருத்தன்கூடத் தப்பா எழுதல. எல்லாத்துக்கும் இல்லைன்னே போடச் சொல்லிட்டேன். சின்னச்சாமி இருமிக்கிட்டே சொல்றான், ‘நம்ம பிள்ளை பரிச்சைண்ணே, எனக்கும் இல்லைன்னே போடு’ன்னு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அது அடங்கும்வரை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பஸ் ஜன்னலுக்கு வெளியே, பாதி அறுத்து எடுக்கப்பட்ட மலைகள் யாரோ சாப்பிட்டு மிச்சம் வைத்தவைபோல நின்றன.

கணினித் துறை கனகலட்சுமி மேடம் ஆய்வைப் பாராட்டினார். ஒரு கட்டம்கூடக் காலியில்லை, இவ்வளவு சுத்தமாக யாரும் செய்ததில்லை என்றார்.

“இதுல இருக்கிறது உண்மை இல்ல மேடம்,” என்றாள் தமிழ்வாணி. “நாற்பதுல ஒருத்தர் எங்க அப்பா.”

மேடம் கதவைப் பார்த்தார்.

“நிரல் சரியா ஓடுதுல்ல, அதுக்குத்தான் மார்க். நீ இப்பச் சொன்னது என் காதுல விழல. உக்காரும்மா.”

அவள் உட்காரவில்லை. இரண்டாவது முறையும் அதையே சொன்னாள்.

அடுத்த பருவத்தில் திரும்பச் செய்யும்படி எழுதிக் கொடுத்தார்கள். மருத்துவமனைக்குப் போன் செய்தபோது, அதுவரை காத்திருக்க முடியாது என்று மரியாதையாகவே சொன்னார்கள்.

சாயங்காலம் மேலூர் பஸ் ஸ்டாண்டில், கல்தூசியில் புருவமெல்லாம் வெள்ளையாக, வேலைத் துணியோடு அப்பா நின்றிருந்தார். பாஸா என்று கேட்டார். அவள் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து நிரப்பாத தாள் ஒன்றை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள்.

“அப்பா, ஒங்களுக்கு இருமல் இருக்கா?”

பேயாண்டி தொண்டைவரை வந்த இருமலை விழுங்கிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி குனிந்தார்.

“எதைச் சொன்னா ஒனக்குப் பாஸ் போடுவாக தாயி?”