நம்ம வீட்ல

அந்த நாட்டின் எல்லையில் மொழிபெயர்ப்பாளரை ஓர் அலமாரிக்குள் நிற்க வைத்திருந்தார்கள். கதவின் மேற்பாதி கம்பி வலை. வலைக்குப் பின்னால் ஒரு நெற்றியும் அதில் திருநீறும் தெரிந்தன.

எனக்கும் என் மனைவி மங்கையர்க்கரசிக்கும் அந்நாட்டு மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. மலைகளைப் பார்க்க வந்திருந்தோம்.

"ஊரு எது?" என்றது அலமாரி.

"கும்பகோணம்."

"நான் தூத்துக்குடி. பேரு பிச்சைக்கண்ணு. நானும் சுத்திப் பாக்கத்தான் வந்தேன். 'ஒரு நிமிசம் நிக்கேன்'னு சொன்னேன். இங்க நிமிசத்துக்குச் சொல்லு கிடையாது. அதான் நிக்கேன்."

"எவ்வளவு காலமாக?"

"அதுக்கும் சொல்லு கிடையாது."

அங்கே ஒருவர் சொன்னது சொன்னபடி நடந்துவிடும் என்று அவர் எச்சரித்தார். நான் தலையசைத்தேன். நான் மெய்ப்புத் திருத்துபவன். சொற்களைக் குறித்து எனக்கு எச்சரிக்கை தேவைப்பட்டதில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி என் மனைவியைச் சுட்டி ஏதோ கேட்டார்.

"இந்தம்மா யாருன்னு கேக்காரு," என்றார் பிச்சைக்கண்ணு.

"நம்ம வீட்ல," என்றேன்.

மனைவியைப் பிறரிடம் அப்படிக் குறிப்பிடுவதே எங்கள் பக்கத்து வழக்கம். பெயரைச் சொல்வது அழகன்று. 'என்' என்பதில் சற்றுச் செருக்கு உண்டு.

அலமாரி நீண்ட வாக்கியம் ஒன்றைச் சொன்னது. அதிகாரி எழுந்தார். தொப்பியை மாட்டிக்கொண்டார். எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

"என்ன சொன்னீர்கள்?" என்றேன்.

"நீரு சொன்னதைத்தான். 'இந்தம்மா நம்ம ரெண்டு பேருக்கும் பொதுவான வீடு'ன்னு. 'நம்ம'ன்னா கேக்கறவனையும் சேத்துத்தானவே?"

'நம்' என்பது முன்னிலையாரையும் உளப்படுத்தும். அவர் கூறியது இலக்கணப்படி சரி.

விடுதியில் எங்களுக்கு ஓர் அறை தந்தார்கள். அதிகாரி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கட்டிலில் சாய்ந்தார். கட்டில் அவருக்காக அகன்றது. பிறகு நான் உட்கார்ந்தேன். எனக்காக அது அகலவில்லை.

"ஏங்க, இவரு எப்ப போவாரு?" என்றாள் மங்கையர்க்கரசி.

"சரிபண்ணிடறேன். இது ஒரு சொற்பிழை."

"என் தலைகாணியில படுத்திருக்காருங்க."

"கோவப்படாதே."

"ஊர்ல உள்ளவன் எழுதினதெல்லாம் உக்காந்து திருத்துறீங்க. இதைத் திருத்த மாட்டீங்களா?"

அவளைத் திரும்பப் பெறும் பொருட்டு எல்லைக்குப் புறப்பட்டேன். பாதை, வந்தபோது இருந்ததைவிட நீண்டிருந்தது. வழிநெடுகப் பெயர்ப்பலகைகள். எதையும் வாசிக்க முடியவில்லை. ஒவ்வொன்றின் முன்னும் நின்று, வாசித்தவனைப் போலத் தலையசைத்துவிட்டு நடந்தேன். ஒன்றை அவசரத்தில் தலையசைக்காமல் கடந்தேன். பாதை விடுதி வாசலிலிருந்து மறுபடி தொடங்கியது.

மேசைக்குப் பின்னால் இப்போது ஒரு பெண் அதிகாரி இருந்தார்.

"'அவள் என் மனைவி' என்று மொழிபெயருங்கள்," என்றேன். "'என்' என்பதை அழுத்திச் சொல்லுங்கள்."

பிச்சைக்கண்ணு தயங்கினார். "'என்'னுக்கு இங்க ஒரே பொருள்தான்வே. 'என்ன'ங்கிறது."

"அது 'என் செய்வேன்' என்னும் பழைய வழக்கு. நான் அந்தப் பொருளில் சொல்லவில்லை."

"அந்தப் பொருள்ல வருமா, வராதா? அதைச் சொல்லும்."

பொய் சொல்ல எனக்குப் பழக்கமில்லை. "வரும்," என்றேன்.

அவர் மொழிபெயர்த்துவிட்டார். பெண் அதிகாரி என்னை இரக்கத்துடன் பார்த்தார். மேசையிலிருந்த மணியை அடித்தார்.

"என்ன ஆயிற்று?"

"'என்ன மனைவி?'ன்னு கேட்டிருக்கீரு. அப்படி ஒருத்தி உமக்குக் கிடையாதுன்னு ஆயிட்டு. அந்த அதிகாரிக்கு மட்டும் உண்டு." வலைக்குப் பின்னால் நெற்றி சுருங்கியது. "பேரைச் சொல்லித் தொலைச்சிருந்தா ஒரு வம்பும் இல்லையேவே. பேருன்னா நான் அப்படியே குடுத்திருப்பேன்."

திரும்பும் பாதை மிகக் குறுகியதாக இருந்தது. இரண்டு எட்டில் விடுதியின் உணவுக்கூடத்துக்குள் நின்றேன்.

மங்கையர்க்கரசி சன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி அவளுக்கு ஒரு பழத்தின் தோலை உரித்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு," என்றேன். நான் அவளை எப்போதும் அப்படித்தான் அழைப்பேன்.

கூடத்திலிருந்த அனைவரும் என் காலடியில் இருந்த தரைக்கல்லைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அதில் ஒரு விரிசல் இருந்தது. அதைப் போதிய அளவு பார்த்துவிட்டுப் பழத்துக்குத் திரும்பினாள்.

நான் மேசையருகே போனேன்.

"'என்ன மனைவி'ன்னு கேட்டீங்களாமே," என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"அது மொழிபெயர்ப்பு."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து மொழிபெயர்ப்பா இருந்துச்சு? அப்பவும் நீங்க அதைத்தான் கேட்டுட்டிருந்தீங்க."

நான் அவள் பெயரைச் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அதிகாரி அவளைக் கூப்பிட்டார்.

"மங்கயக்கசி."

அவள் அசையவில்லை. அது தன் பெயரென்றே அவளுக்குத் தெரியவில்லை. என் முறை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பிழை காதில் கிடந்து உறுத்தியது. அதை அப்படியே விட்டுவிட்டு மேற்கொண்டு எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

"மங்கையர்க்கு, அரசி," என்றேன் அதிகாரியிடம். "உகரம் கெடும். மங்கையர்க்கரசி. 'ர்'ரை விழுங்கக் கூடாது."

"மங்கையக்கரசி."

"'ர்'."

"மங்கையர்க் கரசி."

"இடைவெளி வேண்டாம். ஒரே மூச்சில்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாக்கை மேலே மடித்து ஒருமுறை ஒத்திகை பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"மங்கையர்க்கரசி," என்றார்.

அப்பழுக்கற்ற உச்சரிப்பு. அவள் முகம் திரும்பிய வேகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"ம்?" என்றாள்.

அவர் எழுந்தார். அவளும் எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். ரயிலில் நெடுநேரம் எதிரே உட்கார்ந்து வந்த ஒருவரிடம் விடைபெறும்போது இருக்கும் கனிவு அவள் முகத்தில் இருந்தது.

"அப்ப நாங்க கிளம்பறோம்," என்றாள். "நீங்க வேளாவேளைக்குச் சாப்பிடுங்க."

அவர்கள் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். அவள் சொன்னதை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். நாங்கள், கிளம்புகிறோம். எழுவாயும் பயனிலையும் இயைந்திருந்தன. முன்னிலையில் நின்றவன் முறைப்படி விலக்கப்பட்டிருந்தான். இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன்.

திருத்த ஒன்றும் இல்லை.