காத்து வாங்குவதும் காத்து படுவதும்

1

இந்தக் கதை எனக்குத் தாம்பரம் ஸ்டேஷனில் ஓசியில் கிடைத்தது. மின்சார ரயிலுக்கு நின்றிருந்தபோது ஒரு பெண் இன்னொருத்தியிடம், "காத்து வாங்கப் போனேன், காத்து பட்டுடுச்சு" என்றாள். வண்டி வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். மீதியை நான்தான் கட்ட வேண்டும்.

2

'1967ஆம் ஆண்டின் ஒரு பொன்மாலையில், கருவுற்ற மங்கை...'

(வேண்டாம். வாந்தி எடுக்கிறவளுக்குப் பொன்மாலை எதற்கு?)

கிழக்குத் தாம்பரத்து டீச்சர் பியூலாவுக்கு ஐந்தாம் மாதம். டாக்டரம்மா, "படுத்தே கிடக்காதீங்க, தினமும் காத்தாட நடங்க" என்று சொல்லி அனுப்பினார். மாமியார் ரத்தினபாய் அதைக் கேட்டதும் கதவைச் சாத்தினார்.

"வாயும் வயிறுமா இருக்கிறவ வெளிய திரிஞ்சா காத்து பட்டுடும்."

"அத்தை, நாம பேய் பிசாசை நம்பலாமா?"

"நம்பக்கூடாதுதான். நம்மைக் கேட்டுக்கிட்டா அது வருது?"

3

(ரத்தினபாயைக் கொடுமைக்காரி ஆக்குவதாகத்தான் திட்டம். ஆனால் எனக்கே அவரைப் பிடித்துப்போய்விட்டது.)

பியூலா காலை ஜெபத்துக்குப் போகவேண்டும் என்றாள். சர்ச் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். ஜெபத்தை யார் தடுப்பது? காவலுக்கு ரத்தினபாயும் கூடவே நடந்தார். கரி எஞ்சின் போனால் தன் முந்தானையால் மருமகளின் மூக்கைப் பொத்தினார். பியூலாவுக்குக் கால் வீக்கம் வடிந்தது, ரத்தினபாய்க்கு மூட்டுவலி குறைந்தது. "எல்லாம் ஜெபத்தோட பலன்" என்றார் அவர்.

4

பெண் பிறந்தாள். நாற்பது நாள் கதவைத் திறக்கக் கூடாது என்று ரத்தினபாய் பியூலாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை. குழந்தை தும்மிக்கொண்டே இருந்தது. பியூலாவுக்குப் பயமாகிவிட்டது.

"பாப்பாவுக்கு மூச்சு முட்டுது அத்தை."

நடந்து பழகிய ரத்தினபாயாலும் உட்கார முடியவில்லை. கதவுவரை போவார், திரும்புவார். "எனக்கே கொஞ்சம் காத்து வாங்கினாத் தேவலை" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

பியூலா சிரித்தாள். "அப்ப திறங்க."

"நான் சொன்ன சொல்லை நானே மீறுறதா? நீயும் திறக்கக்கூடாது, வாக்கு குடுத்திருக்கே." கொஞ்சம் யோசித்து, குரலைத் தாழ்த்தினார். "தாழ்ப்பாள் போட மட்டும் மறந்துட்டேன். வெளியேர்ந்து யாராவது தள்ளினா நான் என்ன செய்ய முடியும்?"

5

பியூலாவின் கணவன் அசரியாவை வரவழைத்து, அவன் வந்து கதவை...

(அவன் ஆபீஸ் விட்டு வர இருட்டிவிடும். அதுவரை பிள்ளை தும்ம வேண்டுமா?)

நானே தள்ளலாம். ஆனால் ரத்தினபாய்க்கு வாக்கை எழுதிக் கொடுத்தவனே நான்தான். எந்த வாக்கும் கொடுக்காமல் வெளியே நிற்பது நீங்கள் ஒருவர்தான். லேசாகத் தள்ளினால் போதும். மாமியார் செருப்பைக்கூட மாட்டிக்கொண்டு நிற்கிறார்.