வேண்டாம் என்று ஒன்பது தாள்

ஏழாவது தாளில் இருந்த தேதியைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. அக்டோபர் ஒன்பது. அதற்கு முன் ஆறு தாள்களில் ஹெர்லிந்தா மத்தியாஸ் என்று அம்மாவின் பெயரை, தேதியைக்கூடப் பார்க்காமல் எழுதித் தள்ளியிருந்தேன். விரலெல்லாம் மை பிசுபிசுத்தது. எதிரே கிளினிக்கில் வேலை பார்க்கும் மிஸ் டார்லீன் நான் முடித்த தாள்களுக்குத் துளை போட்டு, ஒவ்வொன்றாக அம்மாவின் கோப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

"என்ன கண்ணு, கை வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினேன். மை விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

எல்லாத் தாளிலும் ஒரே வாசகம். என் தாய்மொழியில் பேச ஒரு மொழிபெயர்ப்பாளரைக் காசு வாங்காமல் தருவதாக கிளினிக் சொன்னது, நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், என் குடும்பத்து ஆளே போதும். கீழே நோயாளியின் கையெழுத்து. அதற்கும் கீழே குடும்பத்து ஆளின் பெயர், வயது. பதினெட்டுக்கு மேல் என்ற கட்டத்தில் மிஸ் டார்லீன் முன்பே டிக் போட்டு வைத்திருந்தார். எனக்குப் பதினைந்து முடிந்து மூன்று மாதம்.

வியாழக்கிழமை ஆய்வுக்கு ஆள் வருகிறார்களாம். அரசாங்கப் பணம் வாங்குகிற இடத்தில், வருகிறவர்கள் எந்த மொழி பேசினாலும் அந்த மொழியில் பேச ஆள் தர வேண்டுமாம். பிள்ளைகளை வைத்துப் பேசவே கூடாதாம். அது உங்கள் உரிமை என்று மிஸ் டார்லீன் எனக்கு விளக்கினார். நான்கு வருடமாக அந்த கிளினிக்குக்குப் போகிறோம், இப்போதுதான் எனக்குத் தெரியும். அம்மாவின் கோப்பில் மார்ச் முதல் நவம்பர் வரை ஒன்பது வருகை. மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் ஒன்றைத் தவிர எல்லாம் 'மகள்'. மொழி என்ற இடத்தில் ஸ்பானிஷ். எங்கள் பெயரைப் பார்த்துவிட்டு முதல் நாளே யாரோ போட்ட டிக் அது. நாங்கள் பேசுவது மாம், எங்கள் மலை ஊர்களின் சொந்த மொழி. மிஸ் டார்லீனைக் கேட்டால் அது மலைப்பக்கத்து ஸ்பானிஷ் என்பார்.

அம்மா கோழி ஆலையில் தொடைக்கறி வெட்டும் வரிசையில் நிற்கிறாள். கன்வேயரில் வரும் ஒவ்வொரு தொடைக்கும் இரண்டு வெட்டு, எலும்பு தனியாக வர வேண்டும். வயிற்றில் தம்பி ஏழு மாதமாக இருந்தபோதும் நின்றாள். அக்டோபர் முதல் வாரத்தில் காலணி கழற்ற முடியாமல் கால் வீங்கியது. தலை பிளக்கிறது, கண்ணுக்குள் பொறி பறக்கிறது என்றாள். ஒன்பதாம் தேதி எனக்குக் கணக்குப் பரீட்சை. ஏற்கெனவே அம்மாவோடு போய்ப்போய் இரண்டு பரீட்சை விட்டிருந்தேன். நீ எழுது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள்தான் என்னைப் பஸ் ஏற்றிவிட்டாள்.

நான் இல்லாததால் கிளினிக்கில் போனில் ஒரு ஸ்பானிஷ்காரியைப் பிடித்திருக்கிறார்கள். அம்மாவுக்குச் சந்தையில் பேசுகிற அளவுக்குத்தான் ஸ்பானிஷ் வரும். அதோடு எங்கள் ஊரில் நர்ஸ், வாத்தியார் போன்றவர்கள் ஏதாவது கேட்டால் எங்கள் ஆட்கள் புரியவில்லை என்று சொல்லமாட்டார்கள். அது கேட்டவர்களுக்குச் சரியாகப் பேசத் தெரியவில்லை என்று சொல்வதுபோல ஆகிவிடும். எதைக் கேட்டாலும் அம்மா 'சீ, சீ' என்று, ஸ்பானிஷில் ஆமாம் ஆமாம் என்று, தலையாட்டியிருக்கிறாள். நன்றாக இருக்கிறீர்களா? சீ. கோப்பில் அன்றைக்கு எழுதியிருப்பது ஒரே வரி, தொந்தரவு எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வரிசையில் நின்றபடியே வலிப்பு வந்து விழுந்தாள். கத்தி அவள் கையுறையிலேயே சிக்கிக்கொண்டதால் யாருக்கும் படவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அம்மாவைக் காப்பாற்றிவிட்டார்கள். தம்பியை உயிரில்லாமல் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து அம்மா மறுபடி வரிசைக்குப் போய்விட்டாள்.

"அன்னைக்கு நான் வரவே இல்லையே மிஸ் டார்லீன்" என்றேன்.

"போன்ல ஆள் பிடிச்சுக் கொடுத்தோம்ல?"

"அது ஸ்பானிஷ்."

"அவங்க வேணாம்னு சொல்லலையே கண்ணு. சரி சரின்னுதானே சொன்னாங்க." துளை போடும் கருவியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார். "இங்க பாரு. ஒன்பதுல எட்டு தடவை நீதானே பேசினே? நான் பொய்யா எழுதச் சொல்றேன்? இந்தக் காசு நின்னா இந்த எடத்தப் பூட்டிருவாங்க. அப்புறம் அறுபது மைல் போகணும். உங்கம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

தெரியாது. போன குளிர்காலத்தில் நான் போட்டிருந்த கோட்டு மிஸ் டார்லீன் கொடுத்தது. அம்மாவின் பிரஷர் மாத்திரையை மருந்துக்கடையில் நின்று வாங்கிக்கொடுத்ததும் அவர்தான். ஏழாவதில் எழுதினேன். எட்டு, ஒன்பதிலும் எழுதினேன். எனக்கு ஒரு டோனட் கொடுத்து அனுப்பினார்.

வியாழக்கிழமை அம்மாவுக்கு பிரஷர் பார்க்கிற நாள். கிளினிக் வாசலில் அரசாங்க எண் போட்ட வெள்ளைக் கார் வந்து நின்றதும், குடியேற்றத் துறை ஆட்களோ என்று பயந்து, உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்திருந்த ஒருத்தியும் போய்விட்டாள். நாங்களும் எழுந்தோம். அதற்குள் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆய்வுக்கு வந்த அம்மாள் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். குடியேற்றத்துக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை என்று முதலிலேயே சொன்னார். அதை நான் அம்மாவுக்குச் சொல்ல வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். நீ சொல்லக் கூடாது, அதற்கு ஆள் இருக்கிறது என்று மேஜைமேல் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். நான் சுவரோரம் நின்றேன். மிஸ் டார்லீன் கதவோரம்.

போனுக்குள்ளிருந்து ஒரு ஆண்பிள்ளை மாமில் பேசினான். கலிபோர்னியாவிலிருந்து பேசுகிறானாம். அம்மாவை மரியாதையாக, ஊரில் பெரியவர்களைக் கூப்பிடுகிறபடி கூப்பிட்டான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எந்த ஊர் தம்பி, யார் மகன் என்று போனைப் பார்த்தே கேட்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள். கால் வீக்கம், கண்ணில் பறந்த பொறி, அன்றைக்குப் போனில் வேகவேகமாகப் பேசிய பெண், துணியில் சுற்றிய பிள்ளையின் கால் விரல். என்னிடம் சொல்லாததையெல்லாம் அந்தப் போனிடம் சொன்னாள். அவன் ஒன்றையும் விடாமல் இங்கிலீஷில் சொன்னான். அந்த அம்மாள் எழுதிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு ஒன்பது தாளையும் அம்மாவின் முன்னால் பரப்பினார். இப்படி மொழிபெயர்க்க ஒருவரைத் தருகிறோம் என்று ஒன்பது முறை உங்களிடம் சொன்னதாகவும், நீங்கள் வேண்டாம் என்றதாகவும் இதில் இருக்கிறது, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். போனில் இருந்தவன் அதைச் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினான். பிறகு மெதுவாக இன்னொரு தடவை சொன்னான்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் எழுத்தை அவளுக்குத் தெரியும். நான் பள்ளியிலிருந்து கொண்டுவரும் தாளையெல்லாம் ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்து, என் மகள் எழுத்து என்று வருகிறவர்களுக்குக் காட்டுகிறவள். தாள்களை வரிசையாகப் பார்த்தாள். வயதுக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒடிலியா என்று இருந்த என் பெயரின்மேல் கட்டைவிரலை வைத்தாள், எடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"ஆமா தம்பி" என்றாள். "நான் போட்டதுதான். நான்தான் வேணாம்னேன்."

நிச்சயமாகவா என்று அந்த அம்மாள் கேட்டார். அம்மா மறுபடியும் ஆமாம் என்றாள். போனில் இருந்தவன் அதை இங்கிலீஷில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். அந்த அம்மாள் ஏற்கெனவே எழுதியிருந்த பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அதன்மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார். கதவோரத்தில் மிஸ் டார்லீன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அம்மாவின் பிரஷரை அன்று யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு நெடுஞ்சாலையோரமாக நடந்தோம். ஆலைக்குக் கோழி ஏற்றிப் போகும் லாரிகள் தாண்டிப் போயின. வெள்ளை இறகுகள் காற்றில் வந்து அம்மாவின் சால்வையில் ஒட்டின. அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. பாலம் வரைக்கும் இறகுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தாள். இதை இன்னும் யாரிடமும் நான் சொன்னதில்லை. பாலத்தில் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

"ஒடிலியா, போன்ல பேசுன அந்தத் தம்பிய நான் எப்ப வேணாம்னு சொன்னேன்?"